கடிகாரத்துக்குள் குயில்

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, தோழரே. முதுகைச் சாய்க்க இடம் கொடுக்காத நாற்காலிதான் எனக்குப் பிடிக்கும். தேநீருக்கும் நன்றி. சர்க்கரை வேண்டாம், அதைச் சிறுவயதிலேயே விட்டுவிட்டேன்.

நான் நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் அவசரப்படாமல் எழுதுங்கள். வாழ்நாளெல்லாம் குழந்தைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரே விஷயத்தைப் பத்துத் தடவை சொல்லவும் எனக்கு அலுப்பு வராது. நேற்று என்னை அழைத்து வந்த அதிகாரி வாசலில் என் முகத்தைப் பார்த்ததும், "அட, நம்ம குயிலம்மாவா?" என்று தொப்பியைக் கழற்றிவிட்டார். அவரைக் கண்டிக்காதீர்கள். இந்த ஊரில் பிறந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள். நீங்கள் வெளியூர்க்காரர். அதனால்தான் நேராக என் கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க உங்களால் முடிகிறது.

எங்கள் அரங்கில் ஒவ்வொரு புத்தாண்டுக்கும் 'கடிகாரக்காரரின் விருந்து' என்ற பாலே நாட்டியம் நடக்கும். கடிகாரம் செய்யும் கிழவர் ஒருவர் ஊரையே விருந்துக்கு அழைக்கிறார். எல்லோரும் ஆடுகிறார்கள், காதலிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். மேடை நடுவே ஒரு பெரிய கடிகாரம் நிற்கிறது. அதில் பன்னிரண்டு அடிக்கும்போது வயிற்றுக் கதவு திறந்து ஒரு குயில் வெளியே வருகிறது. சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு சிறுமி. அவள் ஆடி முடிப்பதற்குள் சண்டை போட்டவர்கள் சேர்ந்துவிடுவார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் அந்தக் குயிலைப் பார்க்காமல் யாருக்கும் வருடம் பிறந்ததில்லை.

அந்தக் கடிகாரத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். படகுத்துறைத் தச்சர்கள் லார்ச் மரத்தில் செய்தது. படகு செய்கிறவர்களுக்கு லேசாக எதையும் செய்யத் தெரியாது. உள்ளே இருக்கும் இடம் சின்னது. முழங்காலை மார்போடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார வேண்டும். திரை விலகுவதற்கு முன்பே சிறுமியை உள்ளே உட்கார வைத்துக் கதவைச் சாத்தி வெளியே மரத்தாழைப் போட்டுவிடுவார்கள். முதல் அங்கம் முடியும்வரை அவள் இருட்டில் காத்திருப்பாள். நேரம் வந்ததும் மேடைத் தச்சர் பின்னாலிருந்து கயிற்றை இழுப்பார். தாழ் எழும்பும், கதவு திறக்கும். உள்ளே இருப்பவளால் அதைத் திறக்க முடியாது. அவள் செய்ய வேண்டியதெல்லாம் சத்தம் போடாமல் இருப்பது. கதவு திறப்பதற்குச் சற்று முன்னால் வாத்தியக்குழு முழுவதும் நின்றுவிடும். அந்த அமைதியில் உள்ளே இருந்து ஒரு தும்மல் கேட்டால்கூட எல்லாம் கெட்டுப்போகும்.

நான் அந்தக் குயிலாக ஆடியவள். போருக்குப் பிந்தைய வருடங்கள் அவை. அரங்கில் கணப்புக்குக் கரி கிடையாது. பார்க்க வந்தவர்கள் தலைக்குட்டையும் தடித்த மேல்சட்டையுமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆனாலும் நான் வெளியே வந்ததும் கையுறைகளைக் கழற்றிவிட்டுக் கைதட்டுவார்கள். எங்கள் ஊர் மிட்டாய்த் தொழிற்சாலை என் படத்தைப் பெட்டியில் அச்சடித்தது. அப்போதிருந்த தலைமை நடன ஆசிரியர் என் தலையைத் தட்டி, "நீ மட்டும் வளந்துடாத ரிம்மா, என் பொழப்பு போயிடும்" என்று வேடிக்கையாகச் சொல்வார். நான் சொன்ன பேச்சைக் கேட்கும் குழந்தை. வளரவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாம் நெடுநெடுவென்று போனார்கள். நான் குயிலாகவே இருந்தேன். பல்லெல்லாம் மாறி, பூப்பெய்தி, ஓட்டுப் போடும் வயதும் வந்த பிறகுகூட அந்தக் கடிகாரத்துக்குள் கால் மடக்கி உட்கார்ந்தேன்.

ஒரு வருடம் எனக்கு வேறு வேடம் கொடுத்தார்கள். அதே பாலேயில் கடிகாரக்காரரின் மகள், நீலப் பட்டுச் சட்டை, கூட ஆட ஒரு காதலன். கோடை முழுவதும் அதற்காக உழைத்தேன். முதல் நாள் மேடைக்கு வந்தேன். எங்கும் ஒரு சிரிப்பு. கெட்ட சிரிப்பு இல்லை, செல்லச் சிரிப்பு. முன் வரிசையில் ஒரு குழந்தை அம்மாவிடம் உரக்கக் கேட்டது: "அம்மா, குயில் எதுக்கு அக்கா சட்டையைப் போட்டுக்கிச்சு?" அரங்கமே சிரித்தது. என்னைத் தூக்கிக்கொண்டிருந்தவனும் சிரித்தான். அவன் கைகள் குலுங்கியது என் இடுப்பில் தெரிந்தது. மறுநாளே என் சட்டையை வேறொருத்திக்கு நீளம் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்கள். எனக்குக் குழந்தைகளைப் பழக்கும் வேலை கிடைத்தது. நான் வருத்தப்படவில்லை. அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். நான் கசந்துபோன பெண் இல்லை.

அல்யாவுக்கு வருகிறேன்.

குயில் வேடத்துக்குக் குழந்தைகளைத் தேர்ந்தெடுக்கும்போது நான் யாரையும் ஆடச் சொல்வதில்லை. ஆட்டத்தை யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒவ்வொருத்தியாகக் கடிகாரத்துக்குள் உட்கார வைத்துத் தாழைப் போடுவேன். சிலர் உடனே அழுவார்கள். சிலர் கதவை உதைப்பார்கள். தைரியசாலிகள் பாட்டுப் பாடுவார்கள், அதுவும் உதவாது. ஒரு வருடம் டிராம் ஓட்டும் கிளாவ்தியாவின் மகள் அல்யா வந்தாள். ஒல்லிக்குச்சி, காது மட்டும் பெரிது. தாழைப் போட்டேன். உள்ளே இருந்து ஒன்றும் கேட்கவில்லை. மூச்சுக்கூட. பயந்துபோய் நானே கதவைத் திறந்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமா அத்தை?"

"உள்ள என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல. கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தோழரே, உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று தெரியாது. எனக்கு இல்லை. ஆனால் அன்று அந்தப் பெண் கடிகாரத்திலிருந்து இறங்கி வந்தபோது, பெற்றெடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அவள் ஆடினாள். ஊர் அவளைக் கொண்டாடியது. என்னைப் பார்த்தவர்கள், "பெரிய குயிலும் சின்னக் குயிலும் வருது பாரு" என்றார்கள். கிளாவ்தியா இரவும் பகலும் டிராமில் கிடப்பாள். அல்யா என் வீட்டில்தான் சாப்பிடுவாள், கொஞ்சம் கோதுமைக் கஞ்சி, கொஞ்சம் மோர். நான் அவளைப் பட்டினி போடவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தட்டில் பாதியோடு நிறுத்தப் பழக்கினேன், அவ்வளவுதான்.

அவள் குயிலாக ஆடிய மூன்றாவது குளிர்காலம் என்று நினைக்கிறேன். தலைநகரத்துப் பாலே பள்ளியிலிருந்து ஒரு தேர்வுக்குழு எங்கள் பக்கத்து ஊர்களைச் சுற்றி வந்தது. எங்கள் தலைமை நடன ஆசிரியர் மார்க் நவுமவிச் அல்யாவைப் பற்றி அவர்களுக்கு ஏற்கெனவே எழுதியிருந்தார். ஒரே ஒரு மதியம்தான் எங்கள் ஊரில் தங்குவார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அவள் அங்கேயே போய்த் தங்கிப் படிப்பாள். அந்தப் பள்ளிக்குப் போன குழந்தை யாரும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை.

நான் கிளாவ்தியாவைப் பார்க்க டிராம் பணிமனைக்குப் போனேன். அவள் தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, நின்றபடியே ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரிக்காயும் தின்றுகொண்டிருந்தாள். நான் நியாயமாகத்தான் எடுத்துச் சொன்னேன். குழந்தை சின்னவள், விடுதியில் வாடிப்போவாள், இங்கே நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

"பாத்துக்குவீங்கதான், யாரு இல்லன்னா? ஆனா பெத்தது நான், ரிம்மா அர்காதியெவ்னா. ஏதோ நீங்க முட்டை போட்டு என்கிட்ட அடைகாக்கக் குடுத்த மாதிரி பேசறீங்களே. நான் என்ன காக்காவா?"

பக்கத்தில் இருந்த ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"இந்தத் தண்டவாளத்துலயே போய்ப் போய் வரேன். எம்பொண்ணாவது எங்கயாவது போவட்டும். விடுங்க."

தேர்வுக்குழு வந்த அன்று ஒரு சம்பவம் நடந்தது. உங்கள் கோப்பில் இருக்காது. அதைக் குற்றம் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. அல்யாவைக் காணவில்லை. வகுப்பறை, உடைமாற்றும் அறை, சமையல்கூடம், பின்கட்டு என்று எல்லோரும் தேடினார்கள். மார்க் நவுமவிச் தலையில் அடித்துக்கொண்டு தெருவில் ஓடினார். கிளாவ்தியா டிராமை நடுவழியில் பயணிகளோடு நிறுத்திவிட்டு வந்தாள். ஆற்றுப் பனிக்கட்டி உடைந்த இடங்களையெல்லாம் போய்ப் பார்த்தார்கள். நானும் தேடினேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். குழுவினர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் தேநீரைக் குடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்கள். இருட்டிய பிறகு நான்தான் அவளைக் கண்டுபிடித்தேன். மேடை ஓரத்தில் கடிகாரத்துக்குள் இருந்தாள். காலையில் ஒத்திகை முடிந்தபின் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், தாழ் தானாக விழுந்திருக்கிறது என்று முடிவானது. தாழை ஒழுங்காகப் பராமரிக்கவில்லை என்று மேடைத் தச்சர் யெகோரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவர் எப்படியும் குடிப்பவர்.

கதவைத் திறந்தபோது அவளால் காலை நீட்ட முடியவில்லை. உதடெல்லாம் வெளுத்திருந்தது. உள்ளே ஈரம். கிளாவ்தியா அவளை அள்ளி எடுத்துக் கன்னத்தில் ஓர் அறை விட்டு, உடனே கட்டிக்கொண்டு அழுதாள்.

"ஊரே கத்துதேடி. காதுல விழலயா? ஒரு குரல் குடுக்க வேண்டியதுதானே பாவி?"

அல்யா அம்மாவின் தோளுக்கு மேலே என்னைப் பார்த்தாள். "கதவு தொறக்கற வரைக்கும் மூச்சு விடற சத்தம்கூடக் கேக்கக் கூடாது" என்றாள். அது நான் எல்லாக் குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுக்கும் பாடம். மற்ற குழந்தைகள் பாதிதான் கேட்பார்கள்.

நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. தாழ் தானாக விழவில்லை. காலையில் அவளைக் கூப்பிட்டு, "குழு வரும்போது அவங்களுக்கு ஒரு ஆச்சரியம் காட்டப்போறோம், நீ உள்ள இரு, கதவைத் தொறந்ததும் ஆடு" என்று சொன்னேன். அவளுக்கு அது பிடித்திருந்தது. கையைத் தட்டிக்கொண்டு ஏறினாள். அவள் வசதியாக உட்கார்ந்தாளா என்று பார்த்துவிட்டுத்தான் தாழைப் போட்டேன்.

அதனால் அவளுக்குக் கெடுதல் வந்ததா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் அவள் குயிலாக ஆடினாள். முன்பெல்லாம் கதவு திறந்ததும் சிரித்துக்கொண்டே குதித்து வருவாள். இப்போது மெதுவாக, வெளிச்சத்தை முதல்முறை பார்ப்பவள் போல, ஒவ்வொரு விரலாக நீட்டிக்கொண்டு வந்தாள். முகம் காகிதம் போல வெளுத்திருக்கும். அந்த முகத்தைப் பார்த்து அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். அது எந்தப் பள்ளியிலும் சொல்லிக்கொடுக்க முடியாத விஷயம். திரைக்குப் பின்னால் ஏறும்போது சில நாள் வாந்தி எடுப்பாள். நான் முகத்தைத் துடைத்துவிட்டு உட்கார வைப்பேன். நல்ல கலைஞர்கள் எல்லோருக்கும் மேடை பயம் உண்டு.

அவள் வளர்ந்தாள், என்னைப் போல இல்லாமல் கொஞ்சம் உயரமும் வந்தது. அப்புறம் அவளுக்கு வந்த வேடங்களைப் பாருங்கள். கல்லாகிப்போன ராணி. கோபுரத்தில் அடைபட்ட பெண். கல்லறையிலிருந்து எழுந்து வரும் மணமகள். அசையாமல் நிற்பதை அவளைப் போல யாரும் ஆட முடியாது என்று தலைநகரத்துப் பத்திரிகைகூட எழுதியது. அந்த அசையாமை எங்கிருந்து வந்தது என்று ஒரு விமர்சகரும் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். அவள் வாழ்க்கையையே அந்த ஒரு மதியம்தான் செதுக்கியது. யாரும் நன்றி சொல்லாவிட்டாலும் அது என் வேலை.

உண்மைதான், அவள் மின்தூக்கியில் ஏற மாட்டாள். உறங்கும்போது அறைக்கதவு திறந்திருக்க வேண்டும். கிளாவ்தியா இறந்தபின் என்னோடுதான் வந்து தங்கினாள். இரவில் எழுந்துவந்து கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். நான் தூங்குவது போலப் படுத்திருப்பேன். எனக்கு அது ஒரு தொந்தரவாகவே இல்லை. வீட்டில் ஒருவர் நடமாடும் சத்தம் கேட்பது எவ்வளவு இதமான விஷயம்.

ஆர்விட்ஸ் வந்தது போன வசந்த காலத்தில். கடலோர ரீகா நகரத்திலிருந்து எங்கள் வாத்தியக்குழுவுக்கு ஒரு பருவத்துக்கு மட்டும் வந்தவன், செல்லோ வாசிப்பவன். நெட்டையன், நிதானமானவன், ஒரு வாக்கியம் பேச ஒரு டிராம் வந்துபோகும் நேரம் எடுத்துக்கொள்வான். அவனிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் வீட்டுக் குழாயைச் சரிசெய்து கொடுத்தான். என்னை "மாமியார்" என்று வேடிக்கையாகக் கூப்பிடுவான். இலையுதிர் காலத்தில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அல்யா சொன்னாள்:

"அத்தை, புத்தாண்டு நிகழ்ச்சி முடிஞ்சதும் நாங்க ரீகா போறோம்."

"எத்தனை நாளைக்கு?"

அவள் ஆர்விட்ஸைப் பார்த்தாள். அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

"திரும்பி வரதா இல்ல அத்தை. அங்க நான் ஆடப்போறதும் இல்ல. கொழந்தைங்களுக்குச் சொல்லித்தரலாம்னு இருக்கேன். சும்மா குதிக்க, ஓட, சத்தம் போட."

நான் அவள் தட்டில் இன்னும் ஓர் உருளைக்கிழங்கு வைத்தேன். குரலை உயர்த்துவது என் பழக்கம் இல்லை.

இந்தக் குளிர்காலத்தில்தான் அரங்கில் புதிய கடிகாரம் வந்தது. ஒட்டுப்பலகையும் வண்ணத்துணியும். குயில் உள்ளே உட்காரவே வேண்டாம், பின்பக்கமாக நடந்து வந்துவிடலாம். பழையதை ஆற்றங்கரையில் இருக்கும் உப்புக்கிடங்குக்குக் கொண்டுபோய்ப் போட்டார்கள். அரங்கின் பழைய சிம்மாசனங்கள், உடைந்த தூண்கள், துணியால் செய்த மரங்கள் எல்லாம் அங்கேதான் கிடக்கின்றன. கணப்பு கிடையாது. விடுமுறை முடிந்ததும் விறகுக்காக வெட்டப்போவதாகச் சொன்னார்கள். கிடங்குச் சாவி என்னிடம் ஒன்று உண்டு, குழந்தைகளுக்கான உடைப்பெட்டிகளும் அங்கே இருப்பதால்.

அவர்கள் கிளம்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அல்யா என்னிடம் வந்தாள். பெட்டிகளை ஆர்விட்ஸ் ரயில் நிலையத்துக்கு எடுத்துப் போய்விட்டான். மாலை ரயில். "அந்தக் கடிகாரத்தை ஒருதரம் பாக்கணும் அத்தை. நீங்களும் வாங்க" என்றாள். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். கூப்பிட்டது அவள்தான், நான் இல்லை.

ஆற்றோரமாக நடந்து போனோம். பனி காலடியில் நொறுங்கியது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆர்விட்ஸைப் பற்றி, கடல் எப்படி இருக்கும் என்பதைப் பற்றிப் பேசினாள். கிடங்கில் கூரைக்கடியில் இருந்த சன்னல்கள் வழியே கொஞ்சம் வெளிச்சம் வந்தது. கடிகாரம் சுவரோரமாக நின்றது. ஒரு முள் இல்லை. அவள் அதன் முன்னால் போய் நின்றாள்.

"அன்னிக்கி தாழ் தானா விழல. எனக்கு அப்பவே தெரியும் அத்தை."

நான் கடிகாரத்தின் மேலிருந்த தூசியைத் துடைத்தேன்.

"நீங்க என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே பக்கத்துல நடந்து போனது கேட்டுச்சு. மறுபடி மறுபடி கேட்டுச்சு. கதவை மட்டும் தொறக்கல. எங்கம்மாகிட்டகூட நான் சொல்லல."

"ஏன் சொல்லல?"

"உங்களுக்கு வேற யாரு இருக்கா?"

பிறகு அவள் என் பக்கம் திரும்பி, என் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நான் உங்களை மன்னிச்சுட்டேன். இதைச் சொல்லாம ரயில் ஏறக் கூடாதுன்னுதான் வந்தேன்" என்றாள்.

தோழரே, நான் அதைப் பற்றி இந்த அறையில் நிறைய யோசித்துப் பார்த்தேன். மன்னிப்பதற்கு அங்கே என்ன இருந்தது? அவளுக்கு நான் கொடுத்தவை அவள் பெயர், அவள் புகழ், அவளைப் பார்த்து ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்ட அந்த நொடி. எனக்கு யாரும் அப்படிக் கொடுத்ததில்லை. அதையெல்லாம் ஒரு குற்றமாக்கி, அதை மன்னித்தும்விட்டு, கையைத் தட்டிக்கொண்டு அவள் கடலைப் பார்க்கப் போகிறாள். மிச்சமிருப்பது நானும் அந்த மன்னிப்பும். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? மீன் கடையில் நின்றுகொண்டு, "வா குயிலம்மா" என்று கூப்பிடுகிறவளிடம் காட்டுவதா?

எனக்கு அப்போது கோபம் வரவில்லை.

அவள் மேல்சட்டையையும் கம்பளிக் காலணியையும் கழற்றி ஒரு சிம்மாசனத்தின் மேல் வைத்தாள். கடிகாரத்தின் கதவைத் திறந்தாள்.

"ஆர்விட்ஸ்தான் சொன்னாரு. ஒரே ஒருதரம் உள்ள உக்காந்துட்டு நானே எழுந்து வெளிய வந்துட்டா பயம் போயிடுமாம். கதவைப் பிடிச்சுக்குங்க அத்தை. சாத்திடக் கூடாது, சரியா? நல்லாப் பிடிச்சுக்குங்க."

"பிடிச்சுக்கறேன்."

அவள் கஷ்டப்பட்டுத்தான் உள்ளே போனாள். முழங்காலை மடக்கி, தோளைக் குறுக்கி, தலையைக் குனிந்து. வளர்ந்த பெண்ணுக்கு அங்கே கையை அசைக்கக்கூட இடம் இல்லை. ஆனாலும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பெரிய காதுகள், அந்தச் சின்னப் பெண்ணின் அதே முகம். நான் பல வருடங்களாகப் பார்க்காத முகம். அவள் திரும்பி வந்துவிட்டாள் என்று தோன்றியது. நாம் தொலைத்த ஒன்று தானாக வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தால் என்ன செய்வோம்? நான் கதவைச் சாத்தினேன். தாழைப் போட்டேன். ஆம், இரண்டு தடவையும் நான்தான் போட்டேன். அதை நீங்கள் தெளிவாகவே எழுதிக்கொள்ளலாம்.

முதலில் சத்தமே இல்லை. அதை நான் பெருமையோடு சொல்கிறேன். பிறகு, "அத்தை" என்றாள், விளையாட்டுக்குச் சொல்வது போல. அப்புறம், "அத்தை, போதும், தொறங்க" என்றாள். அப்புறம் அவள் குரல் மாறிவிட்டது. சொற்களாக இல்லாமல் வேறு என்னவோ ஆகிவிட்டது. நான் சிம்மாசனத்தில் உட்கார்ந்து அவளோடு பேசினேன். மூச்சை மெதுவாக விடு, முதுகை நேராக வை, இன்னும் வாத்தியம் நிற்கவில்லை என்று சொன்னேன். உள்ளே இருந்து தட்டினாள். இடம் போதாததால் வலுவாகத் தட்ட முடியவில்லை. குளிரில் பழைய மரம் அப்படித்தான் சத்தம் போடும், கிடங்கில் எல்லாப் பொருளும் அப்படிச் சத்தம் போடுகிறது. ஆற்றுப் பக்கத்தில் ரயில் கூவியது கேட்டது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. பிறகு தட்டுவது நின்றது. அவள் அமைதியாகிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது ஆர்விட்ஸ் என் வாசலில் நின்றிருந்தான். பனி அவன் புருவத்தில் உறைந்திருந்தது. "அவ மனசு மாறிட்டா தம்பி. உங்க முகத்தைப் பாத்துச் சொல்ல முடியலன்னு சிநேகிதி வீட்டுக்குப் போயிட்டா. நீங்க கிளம்புங்க, கடிதம் போடுவா" என்றேன். அவன் என்னை நம்பினான். அவன் நல்லவன் என்று முன்பே சொன்னேனே. ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தொடங்கி, முடிக்காமலேயே படியில் இறங்கிப் போனான். நான் சூப்பைச் சுடவைத்துச் சாப்பிட்டேன். அன்று இரவு எல்லாக் கதவுகளையும் சாத்திக்கொண்டு படுத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

விறகு வெட்டுகிறவர்கள் வந்து கதவைத் திறந்தபோது அவள் எப்படி இருந்தாள் என்று நீங்கள் நேற்றுப் படித்துக் காட்டினீர்கள். விரல் நகங்களைப் பற்றியெல்லாம். அது தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது, ஆனால் அது உங்கள் வேலை.

ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் அறிக்கையில் நான் அவளை ஈவிரக்கம் இல்லாமல் விட்டுவிட்டு வந்ததாக இருக்கிறது. அது சரியில்லை. கிளம்பும்போது நான் என் மேல்சட்டையைக் கழற்றி, கடிகாரத்தைச் சுற்றிப் போர்த்தி, காற்று புகாதபடி நன்றாகச் செருகிவிட்டு, அந்தப் பனியில் வீடுவரை வெறும் கம்பளிச் சட்டையோடு நடந்து வந்தேன். பிள்ளைக்குக் குளிருமே என்றுதான்.